மூன்றாவது நூல்

குழாய் காலையில் முதலில் தும்மும். அப்புறம் இருமும். அப்புறம் நீளமாக ஒரு மூச்சை விட்டு, துருநிறத்தில் இரண்டு சொட்டைத் துப்பிவிட்டுத்தான் தண்ணீரைக் கொடுக்கும். சேலத்தில் எங்கள் சாயக்காரத் தெருவின் முனையில், இடுப்பளவு இரும்புத் தூணில் அது இருந்தது. தலையில் ஒரு குமிழ். அழுத்தினால் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஊருக்குத் தெற்கே மலையடியில் இருக்கும் ஏரியிலிருந்து, மண்ணுக்குள், இருட்டுக்குள், யார் முகமும் பார்க்காமல் நடந்து வந்த தண்ணீர். எங்கள் தெருவில்தான் அது முதல் தடவையாக வெயிலைப் பார்க்கிறது என்று அந்த வயதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

இப்போது எனக்கு நாற்பத்தேழு. அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில் இருந்துவிட்டேன், எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. புது ஊருக்குப் போனால் கோயில் எங்கே, சந்தை எங்கே என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காமல் நின்றுகொண்டிருப்பேன்.

தெருவுக்கு நடுவே ஒரு கிணறும் இருந்தது. குடிக்கக் குழாய், நூலுக்குக் கிணறு. இதுதான் ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல. குழாய் வந்தபின் பெண்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். கிணற்று நீர் மென்மையானது, சாயத்தை மறுக்காமல் நூலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் பட்டறைகள் கிணற்றை விடவில்லை.

சாயக்காரனுக்குத் தண்ணீர் என்பது ஒரே பொருள் அல்ல. குகை என்கிற பேட்டைப் பக்கம் ஒரு கிணறு கறுப்பை ஆழமாக்கும், மஞ்சளைக் கெடுக்கும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கிணற்றில் பச்சை பிடிக்கவே பிடிக்காது. இதையெல்லாம் நாங்கள் நாக்கால் அறிந்ததில்லை, நூலால் அறிந்தோம். யாராவது புதிதாகக் கிணறு வெட்டி ஊற்றுக் கண்டதும் பூசை போடுவார்கள், தேங்காய் உடைப்பார்கள், ஆனால் ஒரு வாய் குடிக்க மாட்டார்கள். முதலில் நூல் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஆள் போகும். புதுக்குடத்தில் தண்ணீர் எடுத்து இரண்டு நூலைத் தொங்கவிடுவோம். ஒன்று மஞ்சள் தோய்த்தது. தண்ணீரில் சவுட்டு உப்பு இருந்தால் சிவந்துபோகும். இன்னொன்று கடுக்காய்ச் சாற்றில் ஊறியது. இரும்பு இருந்தால் கறுத்துப்போகும். ஒரு நாள் முழுக்கக் கிடந்து இரண்டும் நிறம் மாறாமல் வந்தால், முன்பு என் அப்பா சொல்வார், பிறகு அண்ணன் சொன்னார், அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு நான் சொன்னேன்: "நூல் குடிச்சிருச்சு." அதற்குமேல்தான் மனிதர்கள் குடிப்பார்கள்.

இரண்டு நூல்தான். எப்போதும் இரண்டு. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வெண்ணந்தூர்க்காரி. நெசவு வீட்டுப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அவள் ஊரில் நாற்பது அடி ஆழத்திலிருந்து கயிறு இழுத்த கை அவளுக்கு. குழாயைப் பார்த்த முதல் நாள், குமிழை அழுத்துவதும் விடுவதுமாக நின்றுகொண்டே இருந்தாளாம்.

"ஏனுங்க, கயிறு வேண்டாம், கப்பி வேண்டாம். ஒத்தக் கையில அமுக்குனா ஏரியே வந்து காலடியில நிக்குதுங்க" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

பிறகு கையால் அழுத்துவதும் போயிற்று. இடுப்பைச் சாய்த்துக் குமிழை அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் கொண்டை போடுவாள். எதிர்வீட்டு அக்கா, தெருவுக்கே வாய் கொடுக்கக் கூடியவள், வரிசையில் நின்றபடி கத்துவாள்.

"ஏம்மா வெண்ணந்தூரு, கொழாயோட டான்ஸு ஆடறியா, தண்ணி புடிக்கிறியா?"

"ரெண்டுந்தானுங்க அக்கா. தனியா ஆட எடமில்லீங்க உங்க ஊருல."

மேட்டூர் அணையைப் பார்க்க ஊரே பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்த காலம். நாங்களும் போனோம். கரையில் நின்று வெகுநேரம் பார்த்தாள். மற்றவர்கள் கல்லையும் மதகையும் பார்த்துப் பிரமித்தார்கள். அவள், "இத்தனையும் யாருங்க குடிக்கிறது?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அது கேலியான கேள்வி இல்லை என்று பிற்பாடுதான் தோன்றியது. அவளுக்குத் தண்ணீர் என்றால் குடிக்கிறதுதான். எனக்கு அப்போதே அது வேறாகிவிட்டிருந்தது.

அந்தக் கோடையில் ஆத்தூர் ரோட்டில் வாந்திபேதி வந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் இரண்டு வீடு என்றார்கள், அப்புறம் ஒரு தெரு என்றார்கள். தமுக்கடிக்கிறவன் எங்கள் தெருவுக்கும் வந்தான். குழாய்த் தண்ணீரையே குடிக்க வேண்டியது, கிணற்றுத் தண்ணீரானால் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டியது என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

மறுநாள் காலை குழாய் தும்மியபோது வரிசையில் நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

அந்த வாசனை எங்களுக்குத் தெரியும். ஊரில் மற்றவர்கள் அன்றுதான் அதை முகர்ந்தார்கள், மருந்து வாசனை என்று சொல்லிவிட்டுக் குடித்தார்கள். எங்களுக்கு அது மருந்து அல்ல. ஒவ்வொரு பட்டறையின் பின்கட்டிலும் மூடி போட்ட தகர டப்பாவில் அது இருந்தது. பிளீச்சிங் பவுடர். நாங்கள் வெறுமனே பொடி என்போம். சாயம் போடும் முன் நூலை வெளுக்க, தொட்டியில் கரைத்து நூலை முக்குவோம். கொஞ்ச நேரத்தில் மல்லிகை மாதிரி வெளுத்துவிடும். கவனம் பிசகிக் கூடுதலாக விட்டுவிட்டால் நூல் சாம்பலாகக் கையில் உதிரும். எங்கள் விரலிடுக்குகளெல்லாம் அந்தப் பொடியால் வெடித்துக் கிடந்தன. அந்தப் பொடி குழாயின் வாயிலிருந்து மூச்சு விட்டால், அதை யாரைவிடவும் நன்றாக அறிந்த தெரு யாரைவிடவும் அதிகமாகப் பயப்படாதா? தெரியாதவர்கள் குடித்தார்கள். தெரிந்தவர்கள் குடத்தைக் கவிழ்த்தார்கள்.

அதுவும் உடனே அல்ல. முதல் மூன்று நாள் அரைமனதோடு குடித்துக்கொண்டுதான் இருந்தோம். கெட்டது என்று யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார்கள், தறிக்குப் போகவிருந்த அந்த ரோஸ் பாவு நூல் மட்டும் கெடாமல் இருந்திருந்தால்.

ராசிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுச் சேலைகளுக்காக ரோஸ் நூல் கேட்டிருந்தார்கள். கிணற்றில் அடியோடு அடியாகத்தான் தண்ணீர் கிடந்தது. ஆகவே குழாயிலிருந்து பிடித்துவந்து தொட்டி நிரப்பினேன். நூல் காய்ந்தபோது பார்த்தால் திட்டுத் திட்டாக, அம்மை இறங்கின முகம் மாதிரி இருந்தது. அண்ணன் ஒரு நூல் சிட்டத்தை எடுத்து வெயிலில் பிடித்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கை நடுங்க ஆரம்பித்த பிறகு சாயத்தை என்னிடம் விட்டுவிட்டு மேற்பார்வை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கையா, களிமண்ணாடா?" என்றார்.

"தண்ணிங்கண்ணா. பொடி கலந்த தண்ணி."

"தண்ணி மேல பழி போடாத. சாயக் கொப்பரையப் பாக்காம வேற எங்கயோ பாத்திருப்ப. கல்யாணமாயி வருசமாகப் போகுது, இன்னும் உனக்குக் கண்ணு கொழாயடியிலதான்."

பட்டறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

எங்களுக்குச் சாயமும் பொடியும் விற்கிற பாய் அன்று சரக்கு இறக்க வந்திருந்தார். கடைவீதியில் கடை. எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பார்.

"தம்பி, என் பொடியை நீங்க நூலுக்குப் போடறீங்க, ஆபீஸ்காரன் ஏரித் தண்ணிக்குப் போடறான். எனக்கு ரெண்டும் யாவாரம். நான் யாரைக் குத்தம் சொல்ல?"

"நீங்க குடிக்கிறீங்களா பாய்?"

"காலையில எந்திரிச்சதும் ஒரு சொம்பு. வயித்துல பழைய கறை எதாச்சும் இருந்தா வெளுத்துட்டுப் போவட்டுமே."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அண்ணன் சொன்னது மறைந்துபோயிருக்க வேண்டும். எனக்கு மறையவில்லை. என் கை கெட்டுவிட்டது என்று நாளைக்கு அம்மாபேட்டை வரை பேசுவார்கள் என்று நினைத்தேன். இருபத்தாறு வயது. அந்தக் கையைத் தவிர எனக்கென்று வேறொன்றும் இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்த வயது.

"நூல் விட்டுப் பாத்துருவோம்" என்றேன்.

குழாயடியில், நடுப்பகலில், தெரு பார்க்க ஒரு புதுக்குடத்தை வைத்து நிரப்பினேன். குறுக்கே ஒரு குச்சி. மஞ்சள் நூலைத் தொங்கவிட்டேன். கடுக்காய் நூலைத் தொங்கவிட்டேன். பிறகு இடுப்பு மடியிலிருந்து மூன்றாவதாக ஒரு நூலை எடுத்தேன். ரோஸ்.

அது கல்யாணப் பாவுக்குப் போட்ட ரோஸ் என்று எல்லோரும் நினைத்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அது காகிதப் பூவுக்கும் தேர்க்கடைப் பொம்மைக்கும் போடுகிற ரோஸ். துணிக்கு நாங்கள் போடுவதே இல்லை. இரண்டு நாள் வெயில் பட்டால் போய்விடும், வியர்வை பட்டால் போய்விடும், துளிப் பொடி பட்டாலும் போய்விடும். பாய் மாதிரிக்கென்று என்றைக்கோ கொடுத்த பொட்டலம் மாடத்தில் கிடந்தது. அன்று காலை, யாரும் பார்க்காதபோது, அரை முழ நூலை அதில் தோய்த்துக் காயவைத்திருந்தேன்.

மறுநாள் காலை குச்சியைத் தூக்கினேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கடுக்காய் மாறவில்லை. மூன்றாவது நூல் வெளுத்து, நரைமுடி மாதிரி தொங்கியது.

"நூலையே தின்னுபுடுச்சே, கொடலை உட்டுவெக்குமா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

அதைச் சொன்னது நானில்லை. குடிக்கக் கூடாது என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அண்ணன் அந்த வெளுத்த நூலை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரிடா. கை இல்ல. தண்ணிதான்" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது கிடைத்ததும் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். எனக்குப் பின்னால் அந்தத் தெரு குழாயை விட்டுவிட்டுக் கிணற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, மஞ்சநூலு மாறலீங்களே?"

"ரோஸ் போச்சே, பாக்கலியா?"

"பாத்தேனுங்க. ரோஸு எப்பவும் உடறதில்லைன்னு அக்கா சொன்னாங்க. இன்னிக்கு மட்டும் எதுக்குங்க?"

"உனக்குச் சாயத்தப் பத்தி என்ன தெரியும்?"

"சாயம் தெரியாதுங்க. தண்ணி புடிக்கத் தெரியும்." ஒரு சுருளை மடித்து நீட்டினாள். "உங்க கையிலயும் அந்த வாசந்தான் எப்பவும் வருது. இந்தக் கையால நீங்க எனக்கு ஊட்டியிருக்கீங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

இதற்கு ஒரு பதில் இருந்தது. அது ஒன்றும் இல்லை, குழாயிலேயே பிடித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள், யார் காதிலும் விழாமல், அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் சாயக்காரன் பெண்டாட்டியே குழாயடியில் தனியாக நின்றால் தெரு என்ன கேட்கும்?

"சொன்னாக் கேளு" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். கோபம் இல்லை. மறுநாள் விடிந்ததும் கயிறும் வாளியும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். பழகிய கை. சீக்கிரமாகவே இறைத்துக்கொண்டு வந்தாள்.

கொதிக்கவைக்கச் சொன்னார்களே என்றால், அதுவும் ஞாபகம் இருந்தது. எங்கள் பட்டறையில் காலையிலிருந்து மாலை வரை கொப்பரையில் கிணற்றுத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது. நூலுக்காக.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கோடை மழை. ஒரு மணி நேரம்தான், ஆனால் தெருச் சாக்கடை எழும்பி, கிணற்றுச் சுவர் இடிந்திருந்த பக்கமாக உள்ளே விழுந்தது. மறுநாள் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அதற்கடுத்த நாள் தெளிந்துவிட்டது. தண்ணீர் ஏறியிருந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். "எதுக்கும் ஒரு தடவை பாத்துருடா" என்றார் அண்ணன். நூல் விட்டுப் பார்த்தேன். முறைப்படி இரண்டு நூல். மஞ்சள் மாறவில்லை, கடுக்காய் மாறவில்லை.

"நூல் குடிச்சிருச்சு" என்றேன்.

ரோஸ் நூலைப் போட்டிருந்தாலும் அந்தக் கிணற்றில் அது பூவாக மலர்ந்துதான் இருந்திருக்கும்.

முதலில் தெருக்கோடியில் ஒரு கிழவருக்கு வாந்திபேதி கண்டது. பிறகு எங்கள் பட்டறையில் நூல் பிழிகிறவரின் மைத்துனிக்கு. மூன்றாவது என் வீடு.

விடிந்தபோது அவள் கொல்லைப் பக்கம் போய்வந்தாள். மறுபடி போனாள். பத்து மணிக்கு நடக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கண்கள் உள்ளே போய்விட்டன, விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கிவிட்டன. தண்ணி, தண்ணி என்றாள். கொடுத்தேன். வீட்டில் இருந்த தண்ணீரைத்தான் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா ஓடிப்போய் பாயிடம் சொல்லி, அவர் ஒரு ஜட்கா பிடித்துக்கொண்டு வந்தார். அவர் முன்னால் ஏறிக்கொண்டார். நான் உள்ளே அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ரயில் கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டிக்குப் பெட்டி கதவில் சாக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ கணக்கு. ஒன்றையும் விடாமல் படித்தேன். மடியில் இருந்த தலையின் கனம் மாறியதை என் தொடை அறிந்தது. ஆனாலும் படிப்பதை நிறுத்தவில்லை. கேட் திறந்தது. ஜட்காக்காரன் திரும்பிப் பார்த்தான், என்னை அல்ல, அவளை.

"ஆஸ்பத்திரிக்கே ஓட்டட்டுங்களா, திருப்பட்டுங்களா?"

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். எனக்குத் திருப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கே போனோம்.

அதற்கப்புறம் நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியும், ஆனால் நான் அவற்றில் இருந்த மாதிரி இல்லை. அவளுடைய துணிகளையெல்லாம் கொளுத்தச் சொன்னார்கள். கொளுத்தினேன். சேலைகள் எரிந்த நிறம் ஞாபகம் இருக்கிறது. ஒரு நீலம் எரியும்போது பச்சையாகத் தெரிந்தது. இது எந்த நீலம் என்று யோசித்தேன்.

வெண்ணந்தூருக்கு ஆள் போய், மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனார் வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, பெண்ணைப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஒல்லியான மனிதர், தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்தவர். என் தோளைத் தொட்டு, "சாப்பிடு சாமி" என்றார். வந்ததிலிருந்து அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடு சாமி. நீ என்ன பண்ணுவே சாமி.

நாலாம் நாள் காலை கிணற்றடியில் சத்தம். சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்திருந்தார். காக்கி அரைக்கால்சட்டை, சின்ன வயசு, கேரியரில் ஒரு மூட்டை. தெரு ஆண்கள் அத்தனை பேரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். மாமனார் கவிழ்த்துப் போட்ட தொட்டி ஒன்றின்மேல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"கிணத்துல பொடி போடணும்னு உத்தரவு. தள்ளுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போடுவீங்க. போட்டா நூலு வெந்து போகும். எங்க சோத்துக்கு நீங்க வர்றீங்களா?" என்றார் அண்ணன்.

"மூணு பேர் செத்திருக்காங்கய்யா."

"கொழாயில பொடி கலந்தப்புறந்தான் செத்தாங்க" என்றார் ஒருவர்.

"உங்க தெருவுல யாரும் கொழாய்த் தண்ணியே குடிக்கலையாமே?"

அதே ஆள், "காத்துல வந்திருக்கும்" என்றார். யாரோ செருமினார்கள்.

"நாங்க ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லல. நூல் விட்டுப் பாத்துட்டோம்" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டேய், சொல்லுடா."

எல்லோரும் திரும்பினார்கள். இன்னொரு தடவை நான் சொன்னால் போதும், அந்த மூட்டை சைக்கிளிலேயே திரும்பிப் போய்விடும் என்று தெரிந்தது. பேசாமல் நின்றாலும் போதும். மனைவி போய் நாலு நாள் ஆனவன், அவனை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

"அது கல்யாணப் பாவு ரோஸ் இல்லீங்கண்ணா" என்றேன். "காகிதப்பூ ரோஸ்."

சாயக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

"தெரிஞ்சா போட்ட?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்குடா?"

"என் கை நல்லாருக்குன்னு நீங்க சொல்லணும்னு."

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி தோளிலேயே போட்டார். பிறகு கிணற்றை விட்டு விலகி, "போடுங்க சார்" என்றார்.

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு அக்காவிடம், "மாப்ள என்னங்க சொல்றாரு?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடமே, எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"கொழாய்த் தண்ணி நல்ல தண்ணிதானாங்க. அது கெட்டதுன்னு காட்டறதுக்கு, நிக்காத சாயத்துல நூலை முக்கி உட்டாராம். அதப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் கெணத்துத் தண்ணி குடிச்சோம். உங்க பொண்ணும் குடிச்சுது."

"அப்படிங்களா" என்றார் மாமனார்.

இன்ஸ்பெக்டர் வாளியில் பொடியைக் கரைத்துக் கிணற்றில் கொட்டினார். பால் ஆடை மாதிரி மேலே நின்று, பிறகு மெல்ல மெல்லக் கீழே போயிற்று. நாளைவரை யாரும் இறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. என்னை யாரும் திட்டவில்லை. அன்று திட்டியிருந்தால் எதையாவது உணர்ந்திருப்பேனோ என்னவோ.

மறுநாள் காலை மாமனார் ஊருக்குக் கிளம்பினார். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நானே குழாயடிக்குப் போனேன். ஆண்கள் அங்கே போவதில்லை. வரிசையில் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள், தெரு முழுக்கக் குழாய்க்குத் திரும்பியிருந்தது. எதிர்வீட்டு அக்கா தன் குடத்தைக் காலால் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். குமிழை அழுத்தினேன். தண்ணீர் வந்தது.

"கையை எடுங்க தம்பி, நெறஞ்சிருச்சு" என்றாள் அக்கா.

கேட்டது. கொஞ்சம் கழித்துத்தான் எடுத்தேன். காலெல்லாம் நனைந்திருந்தது.

வீட்டில் சொம்பில் ஊற்றி மாமனாரிடம் நீட்டினேன். வாங்கியவர் குடிக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குத்திக் காட்டவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"இதக் குடிக்கலாங்களா?"

"குடிக்கலாங்க மாமா."

குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ் நிற்கிற இடம்வரை கூடவே போனேன். தூக்க ஒரு பையும் இல்லை. பெண்ணுடையது என்று கொண்டுபோக எதுவும் மிச்சமில்லை. வழியில் அவர் ஒரு தடவைகூடச் சாமி என்று சொல்லவில்லை. ராசிபுரம் பஸ் கிளம்ப நேரமாகும் போலிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார், நான் கீழே நின்றேன். டிரைவர் முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி என்ஜினைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை கிளம்பியது. வண்டி முழுக்க நடுங்கியது, அவர் முகமும் நடுங்கியது.

அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி அவர் சொன்னார்:

"அவ எங்க ஊட்டுலயும் சொன்ன பேச்சுக் கேக்கற புள்ளதானுங்க."

"ஆமாங்க மாமா" என்றேன்.